இந்த மேட்டாங்காட்டுல இத்தனை தொழில் எப்படி வந்துச்சு? கொங்குன்னா ஊரா, பேச்சா, ஜாதியா?

மூலனூர்ப் பொண்ணு:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். எனக்கு மூலனூர் பக்கத்துல ஒரு தோட்டம்தான் பொறந்த எடம், கல்யாணமாகி பதினோரு வருசமா சென்னையில இருக்கேன். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப என் பையன், நாலாவது படிக்கறான், எங்க அப்புச்சி கூட கொறங்காட்டுக்குப் போனான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், கொறங்காடுன்னா உழுகாம மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்சிருக்கற காடு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், அவ்வளவுதான். ரெண்டு காங்கேயம் மாடும் கொஞ்சம் செம்மறியும் அதுல மேயுது. பையன் திரும்பி வந்து கேக்கறான், "ஏம்மா இங்க ஒன்னுமே வெளையலையே, மழையும் இல்லைங்கறாரு தாத்தா, அப்பறம் எப்படி இந்தப் பக்கம் எல்லாரும் மில்லு, கம்பெனி, லாரின்னு வெச்சிருக்காங்க?"

எனக்கு பதில் சொல்லத் தெரியலைங்க. திருப்பூர் பனியன், ஈரோடு மஞ்சள், நாமக்கல் முட்டை, கரூர்ல பஸ் பாடி கட்டறது, பொள்ளாச்சி தேங்கா, பவானி ஜமுக்காளம்னு வரிசையா சொல்லலாம், ஆனா வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பேஞ்சாலே பெருசுன்னு இருக்கற ஊர்ல இதெல்லாம் ஏன் வந்துச்சுன்னு கேட்டா?

இன்னொன்னு, இது ரொம்ப நாளா மனசுல இருக்கறது. சென்னையில யாராவது ஊரு எதுன்னு கேட்டு, கொங்குப் பக்கம்னு சொன்ன உடனே அடுத்த கேள்வி "ஓ அப்ப நீங்க அந்த ஜாதியா"ன்னு வருது. ஊரைச் சொன்னா ஜாதியைக் கேக்கறாங்க. கொங்குன்னா நெசமாலுமே என்னங்க? பையனுக்கு தப்பா சொல்லிக் குடுத்துடக் கூடாதுன்னு இருக்கு.

அப்புச்சிக்கு 81 வயசு ஆச்சு. சோலார் போடறதுக்கு கொறங்காட்டைக் குத்தகைக்கு கேட்டு ஆள் வந்துட்டு இருக்காங்க. அவரு ஒன்னும் சொல்லாம ஒக்காந்திருக்காரு.

—

கெணத்துமேடு:

அம்முணி, பையன் கேட்டது நல்ல கேள்வி. நான் கோயமுத்தூர்ல மோட்டார் பம்புப் பட்டறையில 36 வருசம் வேலை பாத்தவன், லேத்துல ஆரம்பிச்சு வைண்டிங் வரைக்கும், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒத்தை வார்த்தையில பதில் வேணும்னா கெணறு.

மேக்க மலை நின்னு மழையை மறிச்சுக்குது, பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடியில நமக்கு காத்து மட்டுந்தான் வந்து சேருது. ஆத்துக்கரை ஊருங்களுக்கு கவலை இல்லை, பவானித் தண்ணியை 13ம் நூத்தாண்டுலயே காலிங்கராயன் வாய்க்காலா வெட்டி ஈரோட்டுப் பக்கம் கொண்டு போயிட்டாங்க, கொடிவேரி தண்ணியில கோபிப் பக்கம் நெல்லு வெளையுது, 1955ல பவானிசாகர் அணையும் வந்துச்சு. ஆனா காங்கேயம், பல்லடம், அவிநாசி, தாராபுரம் மேட்டாங்காட்டுக்காரன் என்ன பண்ணுவான்? பாறையைத் தோண்டுனான்.

கவலை எறைக்கறதுன்னா மாட்டைப் பூட்டி கெணத்துத் தண்ணியை மேல இழுக்கறது, அதை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எங்க அப்பாரு, அதாவது அப்பாவைப் பெத்த தாத்தா, எறைச்சதை நான் சின்னப் பையனா பாத்திருக்கேன். கோழி கூப்பிடறதுக்கு முந்தியே மாட்டைப் பூட்டிருவாரு. கெணத்து மேட்டுல இருந்து சரிவா ஒரு வாரி வெட்டியிருக்கும், பறின்னு ஒரு பெரிய தோல் பை, அதுக்கு அடியில வாலாட்டம் ஒரு தோல் தும்பி, மேல வடக்கயிறு, கீழ வால்கயிறு. மாடு ரெண்டும் சரிவுல எறங்கும்போது அப்பாரு அந்த வடக்கயித்து மேலயே ஏறி ஒக்காந்துக்குவாரு, அவரு எடையும் சேந்து இழுக்கும், பறி மேல வந்ததும் வால்கயித்தை விட்டா தண்ணி பொசுக்குனு தொட்டியில ஊத்தும். அப்பறம் மாடு பின்னாலயே காலை வெச்சு மேட்டுக்கு ஏறணும். காங்கேயம் மாடு ஏன் அந்தத் தெம்போட இருக்குதுன்னா இதுக்குத்தான். பாலுக்குன்னு வளத்தது இல்லை, இழுக்கறதுக்குன்னு வளத்தது, அந்த மாடு மேயத்தான் உங்க கொறங்காடு. பையன்கிட்ட இதை மொதல்ல சொல்லுங்க, அந்தக் காட்டுல மாடு வெளைஞ்சுது, மாட்டால தண்ணி வந்துச்சு.

இப்ப இத்தனை பாடுபட்டு எறைச்ச தண்ணியை கம்புக்கும் சோளத்துக்கும் மட்டும் ஊத்துனா கட்டுபடி ஆகுமா? காசு வர்ற பயிரு வேணும். 1900களோட தொடக்கத்துல கம்போடியாப் பருத்தின்னு ஒரு ரகம் வந்துச்சு, கெணத்துத் தண்ணிக்கு நல்லா வர்றது, இழை நீளம், அது கோயமுத்தூர் ஜில்லாவையே புடிச்சுக்கிச்சு. ரயிலு 1860கள்லயே போட்டாச்சு, அதனால திருப்பூர் பருத்தி மார்க்கெட்டாவும் பஞ்சு அரைக்கற ஊராவும் ஆயிப்போச்சு. கோயமுத்தூர்ல 1888லயே மொத ஸ்பின்னிங் மில்லு வந்திருந்தாலும், 1932ல நீலகிரி மலை பைக்காராவுல இருந்து கரண்ட்டு வந்த பின்னாலதான் வரிசையா மில்லா எந்திரிச்சுது. மில்லு வந்தா மிஷினு ரிப்பேரு, ரிப்பேருன்னா வார்ப்படம், பவுண்டரி, லேத்து. 1937ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் எலக்ட்ரிக் மோட்டாரை இங்கயே செஞ்சாங்க. அந்த மோட்டாரு எங்க போச்சு? திரும்பவும் கெணத்துக்கே போச்சுங். கெணறு பருத்தியைக் குடுத்துது, பருத்தி மில்லைக் குடுத்துது, மில்லு பட்டறையைக் குடுத்துது, பட்டறை கெணத்துக்கு மோட்டாரைக் குடுத்துது. நான் 36 வருசம் அந்த வட்டத்துல ஒரு மூலையிலதான் நின்னேன், பம்பு வாங்க வர்றவங்க கையைப் பாத்தாலே தெரியும், பாறை ஒடைச்ச கை.

கரண்ட்டும் சும்மா வரலை. 1970ல யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்துனதை எதுத்து நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு விவசாயிங்க செத்தாங்க. 1972ல கோயமுத்தூருக்குள்ள மாட்டு வண்டியைக் கொண்டாந்து நிறுத்திப் போட்டு ரோட்டையே அடைச்சாங்க, நாராயணசாமி நாயுடு தலைமையில. ஒரு பைசாவுக்கு உசுரு போகுமான்னு இப்ப கேப்பாங்க, கெணத்தை நம்பி இருந்தவனுக்கு அது பைசா இல்லை.

ஆனா ஒன்னு ஒத்துக்கணும், மோட்டாரு வந்ததுல தண்ணி எறங்கிப் போச்சு. எங்க தோட்டத்துலயே அப்பாரு காலத்துல 45 அடி, எங்கய்யன், எங்கப்பா காலத்துல 90 அடி, இப்ப போரு 1,100 அடி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூரா போரு போடப் போகுதுன்னா, இங்க தோண்டித் தோண்டி கத்துக்கிட்டதுதான்.

—

நொய்யல்கரை:

அண்ணன் சொன்னதுக்கு மேல ஒன்னு சேக்கறேனுங்க. தொழில் இங்க பருத்தியோட ஆரம்பிச்சது இல்லை. எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல கொடுமணல் இருக்கு, சென்னிமலைப் பக்கம் நொய்யல் வடகரையில. பதிற்றுப்பத்துலயே கொடுமணம்னு வர்ற ஊரு அது. 1980கள்ல இருந்து அங்க பல தடவை தோண்டியிருக்காங்க, இரும்பு உருக்குன உலை, பளிங்கு, பச்சைக்கல்லு, சூதுபவளத்துல மணி கோக்கறதுக்கு அறுத்து பாதியில விட்ட கல்லு, எல்லாம் வந்துச்சு. பச்சைக்கல்லு பக்கத்துல படியூர்ல கெடைக்கறது, சூதுபவளம் குஜராத் பக்கத்துல இருந்து வரணும். அப்ப ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே வெளியூர்ல இருந்து சரக்கு வாங்கி, இங்க வேலை செஞ்சு, மறுபடி வெளியூருக்கு விக்கறதுன்னு இருந்திருக்கு. கோயமுத்தூர் வெள்ளலூர்ல ரோமானியக் காசு கெடைச்சுதே, அது இந்தப் பாதையில வந்த காசுதான். சட்டி ஓட்டுல பேரு கீறி வெச்சிருக்காங்க, சம்பன் சுமணன்னு ஒன்னு, கண்ணன் ஆதன்னு ஒன்னு. அது அரசன் கல்வெட்டு இல்லைங்க, வீட்டுச் சட்டியில கீறுன பேரு. எனக்கு அதை நெனைச்சா மேல் சிலிர்க்கும்.

திருப்பூர்ல இப்ப நடக்கறதும் அதேதான், எங்கயோ ஆர்டரு, எங்கயோ பஞ்சு, தைக்கறது இங்க.

ஆனா அந்தத் தொழில் எங்க நொய்யலை என்ன பண்ணுச்சுன்னு சொல்லாம போகக் கூடாது. ஒரத்துப்பாளையம் அணை 1992ல பாசனத்துக்குன்னு கட்டுனாங்க. எங்கய்யன் சந்தோசத்துல தென்னம்புள்ளை அறுவது வெச்சாரு. நாலஞ்சு வருசத்துல பாத்தா அணையில நிக்கறது சாயத்தண்ணி. கெணத்துல மோட்டாரு போட்டா நொரையா வரும், வாய்க்கால் ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்துக் கெடக்கும், மாடு தொட்டியில வாயை வெச்சுட்டு தலையை ஒதறிட்டு அக்கட்டால போயிரும். தென்னை ஓலை நுனி கருகி, குரும்பையா கொட்டுச்சு. எங்கய்யன் எந்த ஆபீசுக்கு எல்லாம் மனு கொண்டு போனாருன்னு சொல்லி மாளாது, பஸ்ஸுல போவாரு, வெடியால போனா பொழுதோடதான் வருவாரு, அந்த மஞ்சப் பையில மனு நகலு எல்லாம் இன்னமும் எங்கூட்டுல இருக்கு. அணை கட்டுனா தண்ணி கேட்டு சண்டை போடுவாங்க, நாங்க தண்ணியைத் தேக்காதீங்கன்னு சண்டை போட்டோம்.

2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறை அத்தனையையும் மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அப்பறம் ஒரு சொட்டு வெளிய விடக் கூடாதுன்னு, உப்பைப் பிரிக்கற ஆர்ஓ மிஷினு போட்டு, மிச்ச உப்புத் தண்ணியைக் காய்ச்சி உப்பாவே எடுக்கற மாதிரி மாத்துனாங்க. அதுக்கு ஆன செலவு, அந்த மாசங்கள்ல வேலை இல்லாம ஊருக்குப் போன ஜனம், அதுவும் வேதனைதான், என் தங்கச்சி வூட்டுக்காரரே அதுல வேலை போனவரு. ஒரே குடும்பத்துல ஒரு பக்கம் தென்னை காஞ்சுது, இன்னொரு பக்கம் சம்பளம் காஞ்சுது. இப்ப தண்ணி முன்னைக்கு தேவலை. மண்ணு இன்னும் சரியாகலை.

பையனைக் கூட்டிட்டு கொடுமணல் வாங்க, வந்தா ஒரு தகவல் போடுங்க, நானே கூட வர்றேன்.

—

இட்டேரி:

ரெண்டாவது கேள்விக்கு என் பங்குக்கு. கொங்கு மண்டலம்னு பழைய கணக்குல 24 நாடு, பூந்துறை நாடு, காங்கேய நாடு, பேரூர் நாடுன்னு. இப்ப ஜில்லாவா பிரிச்சு பிரிச்சு பேரு மாறிட்டே இருக்கு, 1979ல கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு, 1997ல சேலத்துல இருந்து நாமக்கல், 2009ல திருப்பூர். கரூர் 1995 வரைக்கும் திருச்சி ஜில்லா, பழனி இன்னைக்கும் திண்டுக்கல். அதனால மேப்புல கோடு போட்டு காட்ட முடியாது.

நான் பேச்சை வெச்சுத்தான் பாப்பேன். ரெண்டு தோட்டத்து வேலிக்கு நடுவுல போற தடத்தை இட்டேரின்னு சொன்னா, ஓணானை ஒடக்கான்னு சொன்னா, சொந்தக்காரங்க வந்தா ஒறம்பறை வந்துட்டாங்கன்னு சொன்னா, பண்டிகையை நோம்பின்னா, பேசிட்டு இருக்கறதை பழமை பேசறதுன்னா, அவங்க நம்மூரு. திட்டும்போது கூட ங்க போட்டு திட்டுவாங்க. உங்க பையனுக்கு இட்டேரியில ஒரு தடவை நடக்க வுடுங்க, கிளுவை வாசம் அடிச்சா அவனுக்கே தெரியும்.

—

வெள்ளகோவில் வாசி:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லணும், யாரும் சங்கடப்படாதீங்க. மேல எல்லாரும் எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். கெணத்துமேடு அண்ணன் பறி, தும்பி, வடம்னு அத்தனையும் எழுதுனாரு, நல்லா எழுதுனாரு. அந்தப் பறியைத் தைச்சது யாருன்னு எழுதலை.

எங்க தாத்தா தைச்சாருங்க. நாங்க அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்கிட்டு வந்து தோலை உரிச்சு, ஆவாரம் பட்டை போட்டு ஊறவெச்சு பதப்படுத்தி, வாரு அறுத்து அதே வாருல பறியைத் தைக்கணும். ஒரு தையல் சரியில்லைன்னா பாதித் தண்ணி கெணத்துலயே ஒழுகிரும். பறி கிழிஞ்சா வெள்ளாமை நின்னு போயிரும், ராத்திரியானாலும் கூப்பிட்டு விடுவாங்க. வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்புன்னு கூலி. அவரு தைச்ச பறியில எறைச்ச தண்ணியை அந்தக் கெணத்துல எறங்கி அவரு மோந்து குடிக்க முடியாது, தள்ளி நின்னு கையேந்துனாத்தான் ஊத்துவாங்க. எங்கப்பா இதைச் சொல்லும்போது குரல் உசத்த மாட்டாரு, சும்மா சொல்லுவாரு, எனக்குத்தான் தாங்காது.

அந்தப் பாறையை ஒடைச்சது யாரு? ஊர் ஊரா வந்து கூடாரம் போட்டு, கடப்பாரையும் சம்மட்டியும் வெச்சு ஒடைச்ச ஒட்டர் ஜனங்க. ஜமுக்காளமும் பெட்ஷீட்டும் நெய்ஞ்ச தறிக்காரங்கள்ல செங்குந்தரும் உண்டு, கன்னடம் பேசற தேவாங்கரும் உண்டு. மில்லு வெச்ச நாயுடுங்க வீட்டுல தெலுங்கு. பனியன் கம்பெனியில பவர் டேபிள்ல ஒக்காந்து தைச்ச பொம்பளைங்க மதுரை, தேனி, தஞ்சாவூர்ல இருந்து வந்தாங்க, இப்ப ஒடிசா, பீகார்ல இருந்து வர்றாங்க. காஜா, செக்கிங், மடிக்கறது, எத்தனை கை. இதுல யாரை எடுத்துட்டா கொங்கு நிக்கும்?

வெள்ளைக்காரனை எதுத்த தீரன் சின்னமலையைச் சொல்லுங்க, சங்ககிரியில 1805ல தூக்குல போட்டாங்க, நானும் வணங்கறேன். கூடவே அவரு படையில இருந்த பொல்லானையும் சொல்லுங்க. சென்னிமலையில நெசவுக் குடும்பத்துல பொறந்து, 1932 ஜனவரியில திருப்பூர்ல போலீஸ் அடியில மண்டை ஒடைஞ்சு செத்த குமரனையும் சொல்லுங்க. ஈரோட்டுல பொறந்து ஜாதியைக் கேள்வி கேட்ட பெரியாரையும் சொல்லுங்க. அப்பச் சென்னையில ஒருத்தர் "அந்த ஜாதியா"ன்னு கேட்டா உங்க பையன் இல்லைங்க, அது எங்க ஊரு, அங்க நிறைய பேரு இருக்கோம்னு சொல்லுவான்.

தண்ணி விசயத்துல நாம எல்லாரும் ஒட்டுக்காத்தான் இருக்கோம். பிஏபின்னு சொல்ற பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலை நாலு மண்டலமா பிரிச்சு முறை வெச்சுத்தான் விடறாங்க, எங்க வெள்ளகோவில் கடைமடை, மேல திருடுனது போக மிச்சம் வந்தாத்தான். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் ரெண்டு தலைமுறை கேட்டுக் கேட்டு 2024 ஆகஸ்ட் 17ல தொறந்தாங்க, பவானி உபரித் தண்ணி 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டைக்கு. குளத்துத் தண்ணிக்கு ஜாதி பாக்கத் தெரியாது, குளத்தங்கரையில கெணறு வெச்சிருக்கறவனுக்குத்தான் ஊத்து ஊறும், எங்களுக்கு நெலமே இல்லை. இதையும் சேத்து எழுதுனாத்தான் வரலாறு முழுசாகும்னு நெனைக்கறேன்.

—

கெணத்துமேடு:

தம்பி, நீங்க சொன்னது சரி. எங்க தோட்டத்துக்கு பறி தைக்க ஒருத்தர் வருவாரு, வாசல்ல ஒக்காந்து தைப்பாரு, நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்திருக்கேன், பல்லுல வாரைக் கடிச்சு இழுப்பாரு. அவரு மூஞ்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எறைச்ச எங்க அப்பாரு ஞாபகத்துல அவரை எழுதாம விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. சின்னப் பையனா நான் அவரைப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவருக்கு எங்க அப்பாரு வயசு இருக்கும், அவரு என்னை வாங்க சாமின்னுதான் சொல்லுவாரு. அது இப்ப எழுதும்போது நெஞ்சைப் புடிக்குது.

—

மூலனூர்ப் பொண்ணு:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. இதை பூராவும் நேத்து ராத்திரி பையனுக்கு படிச்சுக் காட்டுனேன். அவனுக்கு அந்த வடக்கயித்து மேல ஒக்கார்றதுதான் ரொம்பப் புடிச்சுப் போச்சு, மூணு தடவை கேட்டான். வெள்ளகோவில் அண்ணன் எழுதுனதைப் படிக்கும்போது, "ஏன் அவங்க குடிக்கக் கூடாது?"ன்னு கேட்டான். தப்பு பண்ணிட்டோம் கண்ணுன்னு சொன்னேன்.

இன்னைக்கு வெடியால அப்புச்சிக்கு போன் போட்டு, நம்ம கெணத்துக்கு பறி யாரு தைச்சாங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம் பேரு சொன்னாரு, ஊரு சொன்னாரு, தை மாசத்துக்கு முந்தி வந்து பழைய பறிக்கு ஒட்டுப் போட்டுட்டு போவாருன்னு சொன்னாரு. இத்தனை வருசத்துல அந்தப் பேரை எங்கூட்டுல யாரும் சொல்லிக் கேட்டதே இல்லைங்க. அவரு பேரன் மூலனூர்லயே நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து தைக்கறாராம், அப்புச்சிக்கு அது தெரிஞ்சே இருக்கு. அவங்க வீட்டுல கேக்காம பேரை இங்க எழுதறது மரியாதை இல்லைன்னு எழுதலை.

மாசிக்கு லீவு போட்டு வர்றோம். மொதல்ல அவங்க வீட்டுக்கு, அப்பறம் கொடுமணல். நொய்யல்கரை அண்ணா, தேதி முடிவானதும் தகவல் போடறேன். கொறங்காட்டு விசயத்துல அப்புச்சி இன்னும் ஒன்னும் சொல்லலை, ஆனா சோலார்க்காரங்களை பங்குனி கழிச்சு வரச் சொல்லியிருக்காராம். கெணத்து மேட்டுல அந்த உருளை தாங்குன ரெண்டு கல்லும் அப்படியே நிக்குதாம், கயிறு ஓடி ஓடி வழுவழுன்னு ஒரு கோடு விழுந்திருக்கும், பையனைக் கையை வெச்சுப் பாக்கச் சொல்லுன்னாரு.